இரண்டு தாள்களிலும் என் கையெழுத்து

தம்பி,

பெட்டியைக் கட்டிவிட்டு நீ படுக்கப் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் ரயில். இன்று வெள்ளி. நடுவில் ஒரே ஒரு நாள் இருக்கிறது, அதற்குள் நான் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாயால் சொல்லலாம் என்று ஒரு வாரமாக முயன்று பார்த்தேன். நீ சாப்பிட உட்காரும்போது எதிரில் வந்து நிற்பேன். என்னம்மா என்பாய். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். நேற்று மூன்று முறை ரசம் கேட்டேன் என்று நீ சிரித்தாய். எழுதினால் திரும்ப முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை எழுந்து போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டது. மூடித்தான் இருக்கிறது.

அங்கே மூன்று பேரோடு ஓர் அறை என்றாய். உன் துண்டை யாருக்கும் கொடுக்காதே. காலையில் வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே, உனக்கு உடனே நெஞ்செரிச்சல் வரும், மாத்திரை பெட்டியின் பக்கவாட்டுப் பையில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்று ஒரு கட்டுத் தாள்களை நீட்டுவார்கள், எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், பின்னால் இன்னும் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். நிற்கட்டும். படித்துவிட்டுப் போடு. கப்பல் கம்பெனி வேலை முழுக்கக் காகிதம்தான், அதனால் சொல்கிறேன். இல்லை, அதனால் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வந்ததைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன், உனக்கே தெரிகிறதல்லவா?

என் அலுவலக வழக்கைப் பற்றி நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். மீதிப் பாதி உன்னைப் பற்றியது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. பதினான்கு பேர் கணினியில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறார்கள், கட்டடங்கள் எல்லாம் வெளிநாட்டில். கணக்குப் பகுதி நான். பகுதி என்று பெயர்தான், நான் ஒருத்திதான். ஜி.எஸ்.டி. இருந்த காலத்தில் வாடகைக்கும் கணினிக்கும் மென்பொருளுக்கும் நாங்கள் வரி கட்டினோம். வெளிநாட்டுக்குச் சேவை விற்கிறவர்கள் அப்படிக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. கேட்டோம். பிறகு அந்த வரியே இல்லாமல் போனது, எங்கள் விண்ணப்பம் மட்டும் மேசை மேசையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

நீ அப்போது சின்னப் பையன். அம்மாவின் கம்பெனி ஏற்றுமதி செய்கிறது என்று நான் சொன்னதும், "அப்போ நம்ம கப்பல் எங்கம்மா?" என்று கேட்டாய். கிள்ளானில் வளர்கிற பிள்ளைக்கு ஏற்றுமதி என்றால் துறைமுகமும் கொண்டேனர் லோரியும்தானே. கப்பல் இல்லை, கோடுகளை அனுப்புகிறோம், கணினி வழியாகப் போகிறது என்றேன். நீ நம்பவில்லை. வரி அதிகாரிகளுக்கு வந்த சந்தேகமும் ஏறக்குறைய அதுதான். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குக் கோலாலம்பூரில் கிளை இருக்கிறது, கிளையில் இருப்பவர்கள்தான் வரைபடத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்கிறார்கள், ஆகவே சேவை இங்கேயே பயன்பட்டுவிட்டது, இது ஏற்றுமதி ஆகாது என்றார்கள். கட்டடம் நிற்பது அங்கே, பணம் வருவது அங்கிருந்து, திருத்தம் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருந்தால் என்ன என்பது எங்கள் வாதம். இரண்டு பக்கமும் சொல்ல ஏதோ இருக்கிறது, தம்பி. அதைத் தீர்த்துச் சொல்லத்தான் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அங்கே போக வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் கம்பெனி தோற்று நிற்பது ஏற்றுமதியா இல்லையா என்பதில் அல்ல, அந்த முப்பது நாளில். தோற்கடித்தவள் நான்.

அந்தக் கடிதத்துக்கு வருவதற்கு முன் இன்னொன்று. உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை நிறுத்திவிட்டு, நீ பாலர் பள்ளிக்குப் போன பிறகு மாலை வகுப்பில் முடித்தேன். உன் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு வந்தால், "அக்காவா, அம்மா வரலையா?" என்று கேட்பார்கள். உனக்கு அதில் பெருமை. எனக்கு இல்லை. சின்னப் பொண்ணு, இவளுக்கு என்ன வளர்க்கத் தெரியும் என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொல்கிற மாதிரியே இருக்கும். அப்பா சிங்கப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் தூங்குவார். அதனால் உன் பக்கத்தில் எது கீழே விழுந்தாலும் யாரும் பார்ப்பதற்கு முன் நான் ஓடிப்போய்ப் பொறுக்கி எடுத்துவிடுவேன். நாலாம் வகுப்பில் ஒரு செய்முறைப் பாடத்தை நீ செய்யாமல் விட்டாய், ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் என்று ஆசிரியைக்குக் கடிதம் எழுதினேன். நீ அதை வாங்கிப் படித்துவிட்டு, "எனக்குக் காய்ச்சல் இல்லையேம்மா" என்றாய். இன்னிக்கு மட்டும் இருந்துச்சுன்னு வச்சுக்கோ என்றேன். அடுத்த வாரம் நீயே வந்து, "நாளைக்கும் காய்ச்சல் எழுதித் தாங்கம்மா" என்று கேட்டாய். எவ்வளவு சிரித்தேன். அத்தைகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை. உனக்குப் பதினேழு ஆகியிருந்தது, லைசென்ஸ் வகுப்புக்கு இன்னும் பெயர் கொடுக்கவில்லை. நான் வழக்கம்போல் காரை வீட்டில் விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போயிருந்தேன். மதியம் சாப்பிட இறங்கும்போது மாடிப்படியில் தபால்காரர் எதிரே வந்தார். பதிவுத் தபால். அவர் நீட்டிய கருவியில் விரலால் என் பெயரைக் கிறுக்கிவிட்டு, மறுபடி மேலே ஏறச் சோம்பல்பட்டுக் கவரைக் கைப்பைக்குள் போட்டேன். சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. தெருமுனை தாண்டவில்லை, உன் போன். "அம்மா, நான் ஒரு மோட்டார்சைக்கிளை இடிச்சிட்டேன். மேரு பாசார் பக்கத்துல. அவரு எழுந்திருக்க மாட்டேங்கிறாரு." உன் குரல் பத்து வயதுப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது. அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை, தம்பி. நான் கேட்டது, "நீ ஓட்டுனதை யாரு பார்த்தா?"

கிராப் டாக்சி பிடித்து வரும் வழியெல்லாம் ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் கணக்கு. கழுத்தில் கிடந்த அலுவலக அட்டையைக் கழற்றி அந்தக் கவரின் மேலேயே போட்டுப் பையை மூடினேன். நான் வந்து சேர்வதற்குள் அவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நீ காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உன் சட்டையில் ரத்தம் இருந்தது, அவருடைய ரத்தம். அவரை நீதான் தூக்கி உட்கார வைத்திருக்கிறாய். அதைக்கூட நான் உன்னிடம் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. காருக்குள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். ஓட்டினது நான். நீ பக்கத்தில் இருந்தாய். யார் கேட்டாலும் அதுதான். "அந்த அண்ணனுக்குத் தெரியும்மா" என்றாய். அதை நான் பார்த்துக்கறேன் என்றேன்.

அடிபட்ட செல்லையா அண்ணன், மேரு பாசாரில், அதாவது சந்தையில், வாழை இலை விற்கிறவர். சாயங்காலம் கையில் கட்டோடு காவல் நிலையத்துக்கு வந்தார். மணிக்கட்டில் முறிவு. மலாயில் நான் சொல்லச் சொல்ல ஒரு போலீஸ்காரர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். அண்ணன் குறுக்கே வந்து, "நீங்க இல்லம்மா. இந்தப் பையன்தான் ஓட்டுனான். நான் மூஞ்சியைப் பார்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தவறுதலாக ஏதோ எழுதுகிறார்கள், திருத்திவிடலாம் என்கிற மாதிரி சொன்னார். நான் போலீஸ்காரரிடம் திரும்பி, இவருக்குத் தலையில் அடி, குழம்பிப் போயிருக்கிறார் என்றேன். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை, மேசை மேல்தான் இருந்தது. போலீஸ்காரர் உன்னைப் பார்த்து யார் ஓட்டியது என்று கேட்டார். "எமாக் சாயா." என் அம்மா. உன் வாயிலிருந்து அது தடங்கலே இல்லாமல் வந்தது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இருந்தும் அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறிக்கையில் நேரம், பன்னிரண்டு ஐம்பது என்று போட்டார்கள். கீழே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் கிளினிக் செலவுக்கு என்று பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஒரு கையால் எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தார். "காசு வாங்கிக்கறேன்மா. வேலைக்குப் போக முடியாது, தேவைதான். ஆனா நான் குழம்பல" என்றார். அன்றைக்குப் பிறகு நான் அந்தப் பாசாருக்குப் போனதில்லை. மேரு பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். வாழை இலை எதற்கு, தட்டிலேயே சாப்பிடலாம் என்று பொங்கலன்று நான் சொன்னதற்கு நீயும் அப்பாவும் என்னைக் கிண்டல் செய்தீர்கள்.

அடுத்த வாரம் முழுக்க விடுப்பு எடுத்தேன். நீ அறையை விட்டு வெளியே வரவில்லை, தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பேன், உனக்குத் தெரியாது. பத்தாவது நாள், திங்கட்கிழமை, வேலைக்குப் போய் மேசையில் பையைக் கவிழ்த்தபோது அட்டையும் கவரும் சேர்ந்து விழுந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்தக் கடிதம் வந்தாலும் பெறப்பட்டது என்ற ரப்பர் சாப் குத்த வேண்டும், தேதிக்கு அதிலேயே ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், தினமும் காலையில் நான்தான் திருப்புவேன். கவரைத் திறந்தேன். படித்தேன். சக்கரத்தைப் பத்து நாள் பின்னால் திருப்ப விரல் போனது. திருப்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் மேரு வரும். மேரு வந்தால் நீ வருவாய். அன்றைய தேதியிலேயே குத்தினேன். இன்றைக்குத்தானே திறந்தேன், அப்படியானால் இன்றைக்குத்தானே பெற்றேன் என்று எனக்கே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தேதியிலிருந்து எண்ணி, நாள் இருக்கிறது என்று நிம்மதியாக எல்லாத் தாளையும் தயார்செய்து இருபத்தேழாம் நாள் மேல்முறையீடு போட்டோம். உண்மையில் அது முப்பத்தேழாம் நாள்.

தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். தபால் பதிவின் அச்சுப் பிரதி. தேதி, நேரம், நான் விரலால் கிறுக்கிய பெயர். வரைபடத்தைப் பற்றியோ ஏற்றுமதியைப் பற்றியோ யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலம் கடந்துவிட்டது, தள்ளுபடி. திரும்பி வரும்போது காரில் பாஸ் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அறுபது தாண்டிய மனுஷர், பொறியாளர். "எத்தனை லெட்டர் வந்திருக்கு, எத்தனையை ஒழுங்கா வச்சிருக்கே. ஒண்ணு தப்பிப் போச்சு. விடு லா" என்றார். சிக்னலில் நின்றபோது, "மேலே ஹைகோர்ட்டுக்குப் போவோம். அங்கேயும் போச்சுன்னா வருஷக் கடைசியில மாடியைக் காலி பண்ணணும். பசங்ககிட்ட சொல்லல, நீயும் சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை. என் எதிர் மேசைப் பெண் போன மாதம்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினாள். சமையலறை டைல்ஸுக்கு எந்த நிறம் நல்லா இருக்கும்க்கா என்று படம் படமாகக் காட்டுகிறாள். நான் நிறம் சொல்கிறேன்.

உயர்நீதிமன்றத்தில் இப்போது நாங்கள் கேட்பது, அந்தத் தாமதத்தை மன்னித்து வழக்கைக் கேளுங்கள் என்பது. அதற்கு நான் சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும். எங்கள் வக்கீல் சின்னப் பெண், முப்பதுகூட ஆகியிருக்காது. "அக்கா, ஜட்ஜ் ஒண்ணுதான் கேப்பாங்க, ஏன் லேட்டுன்னு. மறந்துட்டேன்னு சொன்னா பத்தாது. அந்த வாரம் என்ன நடந்துச்சு?" என்றாள். வாய் தவறி விபத்து என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்தது. "ஆக்சிடென்டா? போலீஸ் ரிப்போர்ட் இருக்கா? நீங்கதான் ஓட்டுனீங்களா? அக்கா, இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" அறிக்கையை வாங்கி நகல் எடுத்து, அதற்கு ஓர் எண் போட்டு, நான் கையெழுத்துப் போட வேண்டிய பிரமாணத்தில் ஒரு பத்தியாகவே சேர்த்துவிட்டாள்.

அன்று இரவு உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கும். என்ன செய்வது என்று உண்மையாகவே கேட்டேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்குதானேம்மா ரிப்போர்ட். கொடுத்துடுங்க" என்றாய்.

"அதுல இருக்கறது பொய்டா."

"போலீஸ் சாப் இருக்கு. அப்புறம் என்ன பொய்?" என்று சிரித்தாய். "நீங்கதானேம்மா அன்னிக்குச் சொன்னீங்க, ஒரு தடவை எழுதிட்டா அதுதான் நடந்ததுன்னு."

நான் சொன்னேனா? சொல்லியிருப்பேன். காருக்குள் நடத்திய பாடத்தில் அது இருந்திருக்கும். நீ அதை மறக்காமல், கசங்காமல், மூன்று வருடம் வைத்திருந்திருக்கிறாய். அந்தத் தபால் தாளில் நேரம் இருக்கிறதே, நான் பிரிக்பீல்ட்ஸில் மாடிப்படியில் நின்றது பன்னிரண்டு நாற்பத்தெட்டு, அறிக்கையில் மேருவில் கார் ஓட்டியது பன்னிரண்டு ஐம்பது என்றும் சொன்னேன். "யாரும்மா ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறாங்க?" என்றாய்.

தம்பி, இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. பதினைந்து வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். இந்த இரண்டையும் நம் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் என் கையெழுத்து. ஒரே ஆள், ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு நிமிஷ இடைவெளியில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். ஒரு தாள் ஏற்கெனவே வழக்குக் கோப்பில் இருக்கிறது. மற்றதை நானே கொண்டுபோய், சத்தியம் செய்து, அதற்குப் பக்கத்தில் வைக்க இருந்தேன். மாட்டிக்கொள்வேன் என்ற பயத்தால்தான் இதை எழுதுகிறேனா, செல்லையா அண்ணன் முகம் தாங்காமல் எழுதுகிறேனா என்று நீ கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நேரம் ஒத்துப் போயிருந்தால் அறிக்கையைக் கொடுத்திருப்பேனோ என்னவோ. என்னை நல்லவள் என்று நீ நினைத்துக்கொண்டு ரயில் ஏற வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று மதியம் வக்கீலிடம் போனேன். அந்தப் பத்தியை எடுத்துவிடு என்றேன். "எடுத்தா நம்மகிட்ட என்னக்கா இருக்கு?" என்றாள். இரண்டு தாளையும் அவள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இதை நான் பார்க்காம இருந்திருக்கலாம்க்கா."

"நானும்."

"போலீஸ்ல பொய் ரிப்போர்ட் கொடுக்கறது சின்ன விஷயம் இல்ல, உங்களுக்குத் தெரியும்தானே. நான் கம்பெனிக்குத்தான் வக்கீல். உங்களுக்குன்னு தனியா ஒருத்தரைப் பாருங்க." சொல்லிவிட்டு, தெரிந்த ஒருவரின் எண்ணை அவளே எழுதிக் கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் நீதிபதி ஏற்பாரா என்று கேட்டேன். "ஏத்துக்கலாம். சாப் தேதியை மாத்திக் குத்துனவங்க சொல்றதை எப்படி நம்பறதுன்னு தூக்கியும் போடலாம். சொல்ல முடியாதுக்கா."

அங்கிருந்து நேரே பாஸிடம் போனேன். அவர் ஒரு மருத்துவமனையின் வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், பென்சிலைக் கீழே வைக்காமலேயே கேட்டார். கத்துவார், இன்றோடு போ என்பார் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போயிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ இதைச் சொல்லப் போறது உன் பையனுக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ முதல்ல அவன்கிட்ட சொல்லு. கோர்ட்டு திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கும்." வெளியே வந்தபோது பதினான்கு தலைகளும் திரைகளைப் பார்த்துக் குனிந்திருந்தன. ஒருவரையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் உண்மை சொல்வதற்கு அவர்கள் விலை கொடுக்க நேரலாம். அது நியாயமில்லை. பொய் சொன்னாலும் கொடுக்க நேரலாம், இன்னும் அதிகமாக. இதை எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே, சொல்கிறேன். திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நான் கையெழுத்துப் போடப் போகும் தாளில் இப்படி இருக்கும்: அன்று நண்பகல் பிரிக்பீல்ட்ஸில் கடிதத்தை வாங்கினேன். குடும்பத்தில் ஒருவர் விபத்தில் சிக்கியதாக அழைப்பு வந்தது. பதற்றத்தில் கடிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்து, திறந்த நாளின் தேதியைக் குத்தினேன், அது தவறு. மேருவில் அன்று காரை ஓட்டியது நான் அல்ல. நான் ஓட்டியதாகக் காவல் நிலையத்தில் சொன்னது பொய்.

உன் பெயர் அதில் இல்லை. ஓட்டியது யார் என்று நான் எழுதவில்லை. யாராவது கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள், அப்போது நான் மறுபடியும் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் உனக்குக் கொஞ்சம் நாள் இருக்கிறது. உன் புது வேலைக்கு இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் இல்லை, விசாரித்தும் தெரியவில்லை. அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, நாளை இரவு அவர் வந்ததும் நானே சொல்கிறேன், அதை நீ தூக்க வேண்டாம். உன்னிடம் அனுமதி கேட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். நீ சரி என்றால் உன் தலையில் பழி, வேண்டாம் என்றால் அதுவும் உன் தலையில் பழி. அப்படி ஒரு கேள்வியை ஒரு தாய் கேட்கக் கூடாது. என் பொய்யை நான் எடுத்துவிடுகிறேன். அதற்குப் பின்னால் உனக்கென்று ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

நீ அவரைத் தூக்கி உட்கார வைத்தாய். ஓடிப்போகவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த வெயிலில், யாரும் சொல்லாமல், காருக்குப் பக்கத்தில் நின்றாய். நான் வந்து சேர்கிற வரைக்கும் நீ எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தாய்.

திங்கட்கிழமைக்கு முன்னால் நான் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். கோர்ட்டுக் காகிதத்தில் எழுதிவிட்டால் மட்டும் அவரிடம் சொன்னதாகாது. பாசார் ஏழு மணிக்குச் சூடு பிடித்துவிடும், அதற்குள் போனால்தான் நாலு வார்த்தை பேச முடியும். நாளைக் காலை ஆறு மணிக்குக் காரை எடுக்கிறேன். இந்தக் கடிதத்தை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுக்கப் போகிறேன்.

காரில் பக்கத்து இருக்கையில் கிடந்த குடையையும் பைகளையும் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டேன். நான் உன்னை எழுப்ப மாட்டேன்.

அம்மா